நிறமும் பெயரும்: பிறவி நிறமிக்குறைவு பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

தலைமயிர், புருவம், தோல், கண்மணி ஆகிய எல்லாவற்றிலும் நிறம் குன்றிப் பிறக்கும் மக்கள் உலகின் எல்லா நாடுகளிலும் எல்லா இனங்களிலும் உளர். கருநிறப் பெற்றோர்க்குப் பிறந்த மகவு வெளுத்த மேனியும் வைக்கோல் நிற மயிரும் உடையதாய்த் தோன்றுங்கால், காண்போர் வியப்பும் அச்சமும் கொள்ளுதல் உண்டு. இந்நிலையை மேனாட்டார் 'அல்பினிசம்' என வழங்குவர். வெண்மை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த 'அல்பினோ' என்பது, ஆப்பிரிக்காவின் மேலைக் கரையில் தாம் கண்ட வெண்ணிற மக்களைக் குறிக்கப் போர்த்துக்கேசியர் வழங்கிய சொல்லாகும். தமிழில் இதற்கு நிலைத்த பெயர் ஒன்று இன்னும் அமையவில்லை. 'அல்பினிசம்' என்னும் ஒலிபெயர்ப்பும், வெளிறு, வெண்மை நோய், பாண்டு முதலிய சொற்களும் எழுதுவோர் விருப்பிற்கேற்ப வழங்குகின்றன. ஊர் வழக்கில் இந்நிலை வெண்குட்டத்தோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுதலும் உண்டு.

பொருள் விளங்கினால் போதாதோ, பெயரைப் பற்றி ஆராய்வது எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். நோய் எனப் பெயர் பெற்ற குழந்தையைப் பிற குழந்தைகளின் தாயர் விலக்குவர். குட்டம் எனப் பெயர் பெற்ற பெண்ணின் உடன்பிறந்தார்க்கும் மணம் தடைப்படும். கண் குறையைச் சொல்லாது தோல் நிறத்தை மட்டும் சொல்லும் பெயரைக் கேட்ட ஆசிரியர், அக்குழந்தை கரும்பலகையைக் காணமாட்டாமையை உணரார். ஆதலின் இப்பெயராராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. பெயரின் பொருத்தத்தை அளந்தறிதற்குப் பொருளின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். ஆகவே, உடற்கூறும் மரபும் முதற்கண் கூறி, பின்னர்த் தமிழ் நூல்களில் நிறச்சொற்கள் வழங்குமாற்றையும், பெயரால் விளைந்த தீங்கிற்குத் தன்சானியா நாடு காட்டும் சான்றையும், வாழும் நெறியையும் ஆராய்ந்து, இறுதியில் பெயர் பற்றிய நம் கருத்தை உரைப்பாம்.

2. நிறமியின் இயல்பு

மாந்தர் தோலின் நிறத்திற்குக் காரணமாவது மெலனின் என்னும் நிறமியாகும். இதனை ஆக்கும் உயிரணுக்கள் தோலின் மேலடுக்கின் அடித்தளத்தில் உள்ளன. கருநிறத்தார்க்கும் வெண்ணிறத்தார்க்கும் இவ்வுயிரணுக்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் நிறமியின் அளவும் வகையுமே வேறுபடும். ஈண்டு ஆராயப்படும் மக்களிடத்தும் இவ்வுயிரணுக்கள் குறைவின்றி உள்ளன. ஆயினும், அவை தம் தொழிலை முற்றச் செய்யமாட்டா.

அத்தொழில் யாதெனின், டைரோசின் என்னும் அமினோ அமிலத்தைப் படிப்படியாக மாற்றி மெலனின் ஆக்குதலாம். அதன் முதற்படிகளை நடத்துவது செம்பு அணுக்களை உட்கொண்ட டைரோசினேசு என்னும் நொதி. இந்நொதியை ஆக்கும் மரபணு 11-ஆம் நிறப்புரியில் உள்ளது. அது முற்றும் பழுதுற்றால் மெலனின் சிறிதும் தோன்றாது. மயிரும் தோலும் வாழ்நாள் முழுவதும் வெண்மையாகவே இருக்கும். ஓரளவே பழுதுற்றால் ஆண்டுகள் செல்லச்செல்ல மயிர் பொன்னிறமோ செம்பட்டையோ பெறும். நிறமியாக்கத்திற்குத் துணைசெய்யும் பிற மரபணுக்கள் 15, 9, 5 ஆகிய நிறப்புரிகளில் உள்ளன. அவற்றுள் எது பழுதுபடினும் இந்நிலையின் வேறொரு வகை தோன்றும். ஆப்பிரிக்காவில் மிகுதியாகக் காணப்படுவது 15-ஆம் நிறப்புரியைச் சார்ந்த வகை. அவ்வகையினர் சிலர்க்கு மயிர் மஞ்சளாகவும் தோல் வெளிர்பழுப்பாகவும் இருத்தலும் உண்டு. ஆதலின், இந்நிலையினர் அனைவரும் தூய வெண்ணிறத்தர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. இக்கருத்து, பெயர் ஆராயும் இடத்து மீண்டும் பயன்படும்.

வேறு சில அருகிய வகைகளும் உள. கண்ணில் மட்டும் நிறமி குன்றும் வகை தாய்வழி வந்து பெரும்பாலும் ஆண்மக்களிடத்தே வெளிப்படும். 1959-ஆம் ஆண்டில் எர்மான்சுகி, புட்லாக் என்னும் மருத்துவர் இருவர் விளக்கிய மற்றொரு வகையில் நிறமிக்குறைவோடு குருதி உறையாக் குறையும் சேர்ந்து வரும். ஆதலின், சிறு காயத்திலும் குருதி நெடுநேரம் நில்லாது ஒழுகுமாயின் மருத்துவரிடம் அதனைக் கூறுதல் இன்றியமையாதது.

3. கண்ணின் குறை

நிறமியைத் தோலின் வண்ணம் என மட்டும் எண்ணுவோர் இந்நிலையின் பாதியையே அறிந்தவராவர். கரு வளர்ச்சியில் விழித்திரையும் பார்வை நரம்பும் தத்தம் அமைப்பைப் பெறுதற்கும் இந்நிறமியாக்கம் வேண்டப்படுகின்றது. அது குன்றிய இடத்து, கூர்ந்து நோக்கற்குரிய விழித்திரையின் நடுக்குழி முற்ற வளர்வதில்லை. இரு கண்களினின்றும் மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளுள் பாதிக்குச் சிறிது மேற்பட்டனவே எதிர்ப்பக்கம் மாறிச் செல்லுதல் இயல்பு; இவர்களிடத்தோ, தன் பக்கமே செல்லவேண்டிய இழைகள் பலவும் எதிர்ப்பக்கம் மாறிவிடுகின்றன. இம்மாற்றத்தைக் கில்லரி என்னும் அறிஞர் 1969-இல் சயாமியப் பூனைகளிடத்துக் கண்டறிந்தார். பின்னர் மாந்தரிடத்தும் இஃது உறுதிசெய்யப்பட்டது.

இவற்றின் விளைவுகள் பல. கண்மணிகள் ஓரிடத்து நில்லாது ஊசலாடும், மாறுகண் தோன்றும், தொலைவை மதிப்பிடுதல் அரிதாகும், வெயிலில் கண் கூசும். சேய்மைப் பார்வை பெரும்பாலோர்க்கு 6/18 முதல் 6/120 வரையிலான அளவில் அமையும். அஃதாவது, பிறர் 18 மீட்டர் தொலைவிலிருந்தே காண்பதனை இவர் 6 மீட்டர் அளவேனும் நெருங்கியே காணல் கூடும். குறை விழித்திரையின் அமைப்பிலேயே உள்ளமையால் மூக்குக்கண்ணாடி அதனை முற்றும் போக்காது. உடன் நிகழும் கிட்டப்பார்வை, எட்டப்பார்வை முதலியவற்றையே திருத்தும். எனினும், இவருள் மிகப் பலர் நூலைக் கண்ணருகே கொண்டு அச்செழுத்தை நன்கு படிப்பர். முழுக் குருடர் என இவரைக் கருதுதலும், குறையே இல்லாதவர் எனக் கருதுதலும் ஒப்பத் தவறாம்.

ஈண்டு ஆசிரியர் அறிதற்குரிய ஒன்று உண்டு. கண்மணியின் ஊசலாட்டம் குறைந்து பார்வை தெளியும் கோணம் ஒன்று இவருட் பலர்க்கு அமைந்திருக்கும். அக்கோணத்தை நாடிக் குழந்தை தலையை ஒருபுறம் சாய்த்து நோக்கும். இதனைக் குறும்பு என்றும் மதியாமை என்றும் கருதி அதட்டுதல், கண்ணைப் பொத்திக்கொண்டு படி எனக் கட்டளையிடுதலை ஒக்கும்.

கண் சிவந்திருக்கும் என்னும் பொதுக்கருத்தும் ஆராயத்தக்கது. இவர் கண்கள் பெரும்பாலும் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கும். ஒளி ஒரு சார் விழுங்கால் உள்ளிருக்கும் குருதி நாளங்களின் சாயல் வெளித்தோன்றுதலால் செம்மை காணப்படும். அச்செம்மையைக் கொண்டு இவரை இயல்பிறந்தவராகக் கதைகள் புனைந்தன.

4. மரபு வழி

1908-ஆம் ஆண்டில் இலண்டனில் ஆர்ச்சிபால்டு காரட்டு என்னும் மருத்துவ அறிஞர் நிகழ்த்திய சொற்பொழிவுகள் இத்துறையில் புதுவழி கண்டன. உடலின் வேதி மாற்றங்களில் பிறப்பிலேயே நேரும் பிழைகள் என ஒரு வகையை அவர் வகுத்து, நிறமிக்குறைவையும் அதனுள் அடக்கினார். தொற்றாலோ உணவாலோ தீயொழுக்கத்தாலோ இது வருவதன்று என்பது அதனாற் பெறப்பட்டது. 1911 முதல் 1913 வரை கார்ல் பியர்சன், நெட்டில்சிப், அசர் ஆகிய மூவரும் பல நாட்டுக் குடிவழிகளையும் படங்களையும் தொகுத்துப் பெருநூல் ஒன்று வெளியிட்டனர்.

தோலும் கண்ணும் ஒருங்கு நிறம் குன்றும் பெருவகை பின்வருமாறு மரபுவழி வரும். ஒவ்வொரு மரபணுவும் தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக இரட்டையாய் அமையும். இரண்டனுள் ஒன்று பழுதாயினும் மற்றொன்று தொழிலை நிறைவேற்றும். அத்தகையார்க்கு நிறத்திலோ பார்வையிலோ குறை தோன்றாது. அவர் அப்பழுதை மறைவாகத் தாங்குவோர் ஆவர். தாங்குவோர் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் இரண்டும் பழுதாய் அமைந்து நிறமி குன்றுதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் மகவுக்கு நேர்ந்தமையால் அடுத்ததற்கு நேராது எனலும், நேர்ந்தே தீரும் எனலும் தவறு.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் இந்நிலையினர் என மதிப்பிடுவர். சகாராவிற்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் 5,000 முதல் 15,000 பேருக்கு ஒருவர் என்பர். கணக்கின் பொருட்டு, 70 பேருள் ஒருவர் ஒரு பழுதைத் தாங்குவோர் எனக் கொள்வோம். உறவல்லாத இருவர் மணக்குங்கால் இருவரும் தாங்குவோராதல் 4,900 இணைகளுள் ஒன்று. அவர்க்கு நிறமி குன்றிய மகவு பிறத்தல் நான்கில் ஒன்று. ஆகவே, 19,600 பிறப்புக்களில் ஒன்று என்னும் விடை கிடைக்கும். தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் உறவுமுறை மணத்தில் இக்கணக்கு மாறும். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தார்க்கு அது ஏறத்தாழ 2,000-இல் ஒன்றாகும். அக்காள் மகளை மணந்தார்க்கு ஏறத்தாழ 1,000-இல் ஒன்றாகும். ஒரே பாட்டனிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ ஒரே பழுது இரு வழியாக வந்து கூடுதலே காரணம். உறவில் மணந்தோர் மக்களிடத்து இத்தகைய பிறவிப் பிழைகள் மிகுதியாகக் காணப்படுதலைக் காரட்டும் சுட்டினார். அக்காள் மகளை மணந்த நிலையிலும் ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மக்கட்கு இக்குறை இல்லை என்பதனையும் உடன் நினைதல் வேண்டும். முறைமணத்தைப் பழித்தல் நம் கருத்தன்று. மணப்பார் அறிந்து மணத்தல் நன்று என்பதே கருத்து.

இக்கணக்கினின்று பெறப்படும் உண்மைகள் இரண்டு, வாழ்க்கைக்கு மிக வேண்டுவன. ஒன்று, தாயும் தந்தையும் இதில் ஒத்த பங்கினர் என்பது. தாயை மட்டும் குறைகூறுதற்கு இடமே இல்லை. மற்றொன்று, நிறமி குன்றிய ஒருவர் அப்பழுதைத் தாங்காத ஒருவரை மணந்தால் அவர்தம் மக்கள் அனைவரும் நிறமுடையராகவே பிறப்பர் என்பது. நிறமி குன்றிய இருவர் மணப்பினும், அவர்தம் பழுதுகள் வெவ்வேறு மரபணுக்களைச் சார்ந்தனவாயின் மக்கள் நிறமுடையராவர்; அத்தகைய குடும்பம் ஒன்றனை டிரெவர்-ரோப்பர் என்னும் ஆங்கிலக் கண்மருத்துவர் 1952-இல் விளக்கினார். இவர்க்கு மணம் மறுப்பார் கூறும் காரணம் இவ்வாறு வலியிழக்கின்றது.

5. தமிழ் நூல்களில் நிறச்சொற்கள்

நிறத்தைக் குறிக்கும் சொல் நிறத்தளவில் நில்லாது பிற பொருளையும் ஏற்றல் தமிழின் இயல்பு. கறுப்பும் சிவப்பும் வெகுளியை உணர்த்துதலையும், அவை நிறத்தை உணர்த்தற்கும் உரியவாதலையும் தொல்காப்பியர் உரியியலில் கூறினார். பசப்பு என்பது நிறத்தைக் குறிக்கும் உரிச்சொல் என்றும் அவர் ஓதினார். சங்கப் பாடல்களில் மாமை மகளிர்க்குரிய அழகிய மேனி நிறம். அதனைக் கெடுத்துப் பரவுவது பிரிவால் வரும் பசலை. திருக்குறள் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்தது. மேனி வெளுத்தல் என்றவிடத்து வருத்தமோ நோயோ ஆகிய ஒரு காரணத்தையும், அது நீங்கினால் நிறம் மீளும் என்னும் கருத்தையும் நம் இலக்கிய மரபு உடன் கொண்டுள்ளது. பிறவியிலேயே அமைந்து வாழ்நாள் முழுதும் மாறாத வெண்மைக்கு அம்மரபில் தனிச்சொல் காணப்படவில்லை.

புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மக்கட்பிறப்பில் நேரும் எண்வகைக் குறைகளைத் தொகுத்தார். குருடு, உறுப்பில்லாத பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்கின் தன்மை, மருள் என்பன அவை. நிறம் குன்றிய பிறப்பு அவ்வெட்டனுள் இல்லை. இதுகொண்டு அக்காலத்தில் இத்தகையோர் இலர் எனத் துணிதல் கூடாது. நிறக்குறையை அப்புலவர் எச்சங்களுள் ஒன்றாக எண்ணினாரல்லர் என்ற அளவே கொள்ளத்தகும்.

வெளிறு என்னும் சொல் பலரால் இந்நிலைக்குப் பெயராக எடுத்தாளப்படுகின்றது. அதன் பழைய ஆட்சியை நோக்குவோம். புறநானூற்றின் 23-ஆம் பாட்டு, யானை கட்டும் கம்பத்தின் வன்மையைக் கூறுங்கால் அது வெளிறில்லாத வயிரம் உடையது என்னும். எனவே, வெளிறு என்பது வயிரம் ஏறாத மென்மரப் பகுதியாம். திருக்குறளின் 503-ஆம் பாவில் அச்சொல் கற்றறிந்தாரிடத்தும் காணப்படும் அறியாமையைச் சுட்டுகின்றது. 844-ஆம் பாவில் வெண்மை என்பதே புல்லறிவின் பெயராய் நிற்கின்றது. வலியின்மை, அறிவின்மை ஆகிய இரு நிழல்களும் இச்சொற்களைத் தொடர்ந்து வருகின்றன. நிறமி குன்றியோர்க்கு அறிவிலோ உடல் வலிமையிலோ இயல்பாக எக்குறையும் இல்லை. கண் குறையால் பாடத்தைப் பின்தொடரமாட்டாத மாணவனை மந்தன் எனக் கருதும் வழக்கு உள்ள நாட்டில், அந்நிழலுடைய சொல்லை அவனுக்குச் சூட்டுதல் தகாது.

பாண்டு என்னும் சொல்லும் ஆராயற்பாலது. சித்த மருத்துவத்தில் பாண்டு என்பது குருதி குன்றி உடல் வெளுக்கும் நோய். அது மருந்தால் தீர்வது. பாரதக் கதையில், வியாதனைக் கண்டு அஞ்சி மேனி வெளுத்த அம்பாலிகைக்குப் பிறந்தமையால் பாண்டு வெண்ணிறம் பெற்றான் எனப்படுகின்றது. அவன் நிறமி குன்றியவன் என இக்காலத்தார் சிலர் கருதுவர். அவனை வேட்டையிலும் போரிலும் வல்லவனாகக் காட்டும் கதை அவன் பார்வைக்குக் குறை கூறவில்லை. ஆதலின், அக்கருத்திற்குப் போதிய சான்று இல்லை. எனினும் அக்கதை ஒன்றனைத் தெளிவாகக் காட்டும். அம்பிகை கண்ணை மூடியதால் மகன் குருடனானான், அம்பாலிகை வெளுத்ததால் மகன் வெளுத்தான் என மகவின் குறைக்குத் தாயின் நடத்தையைக் காரணமாக்கும் எண்ணம் மிகப் பழையது. அவ்வெண்ணம் பிழைபட்டது என்பதனை முன் கூறிய மரபியல் தெளிவாக்குகின்றது.

6. மூவகை வெண்மை

வழக்கில் பெரிதும் மயங்குவன மூன்று. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. அதனை நார்வே நாட்டு ஆன்சன் 1873-இல் கண்டறிந்தார். தோலில் தோன்றும் வெளிறிய படைகளில் உணர்ச்சி குன்றும். கூட்டு மருந்தால் இக்காலத்தில் முற்றும் குணமாகின்றது. வெண்புள்ளி என்பது நிறமியாக்கும் உயிரணுக்கள் பிறந்த பின்னர் இடையே அழிதலால் திட்டுத்திட்டாக வருவது, உடலின் தற்காப்பு ஆற்றலே தன் உயிரணுக்களைத் தாக்குதல் அதற்குக் காரணம், அது தொற்றாது. இதனையே முன்னர் வெண்குட்டம் என்றனர். குட்டம் என்னும் சொல் தொழுநோயை நினைவூட்டி, அத்தொடர்பே இல்லாத மக்களைப் பெரிதும் வருத்தியது. வெண்புள்ளி என்னும் பெயர் இப்போது பரவிவருதல் போற்றத்தக்கது. மூன்றாவதாகிய நிறமிக்குறைவு பிறப்பிலேயே உடல் முழுதும் அமைவது, திட்டாகப் படர்வதன்று, உணர்ச்சி குன்றாது, தொற்றாது, கண்ணையும் சார்ந்தது. இம்மூன்றற்கும் வெண்மை ஒன்றே பொது. அப்பொதுமை கொண்டு பெயரிட்டமையே குழப்பத்திற்கு வித்தாயிற்று.

7. தன்சானியா காட்டும் சான்று

பெயர் மக்களின் உயிரையே சாரும் என்பதற்குக் கீழை ஆப்பிரிக்காவின் தன்சானியா சான்றாக நிற்கின்றது. ஆண்டு வழங்கும் சுவாகிலி மொழியில் இம்மக்களைச் 'செருசெரு' என்றனர். பேய்த்தன்மை உடையார் என்னும் இழிகருத்து அச்சொல்லைச் சூழ்ந்திருந்தது. இவர் இறப்பதில்லை, மறைந்துபோவர் என்னும் நம்பிக்கையும் அதனோடு இயைந்தது. வெள்ளைக்காரர் எனப் பொருள்படும் 'ம்சுங்கு' என்னும் சொல்லாலும் தெருவில் ஏளனம் செய்தனர். நம் ஊர்களிலும் இத்தகைய சிறுவரை வெள்ளைக்காரன் எனக் கூவி அழைத்தல் உண்டு என்பதனை ஈண்டு ஒப்புநோக்கலாம்.

2006-ஆம் ஆண்டை அடுத்து அந்நாட்டில் கொடுமை பெருகியது. இவர்தம் உறுப்புக்கள் செல்வம் தரும் எனச் சூனியக்காரர் பரப்பிய பொய்யை நம்பி, பொருளாசை கொண்டோர் இவரைக் கொலைசெய்தனர், குழந்தைகளின் கைகளை வெட்டினர், புதைகுழிகளையும் தோண்டினர். அந்நாளில் இவரைக் கண்டோர் 'டீலி' எனக் கூவினர். வாணிகப் பேரம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. பேய் எனப் பெயரிட்டு மக்களினத்தினின்று பிரித்தமையே, பின்னர்ச் சரக்கு எனப் பெயரிட்டு விலைகூறற்கு வழி வகுத்தது. ஆப்பிரிக்காவின் இருபதிற்கு மேற்பட்ட நாடுகளில் இத்தகைய தாக்குதல்கள் பதிவாகியுள்ளன.

இதற்கு எதிரான முயற்சியும் ஆண்டே எழுந்தது. 2008-இல் நிறமிக்குறைவுடைய அல்-சைமா குவெகிர் என்னும் பெண்மணியைக் குடியரசுத் தலைவர் பாராளுமன்ற உறுப்பினராக அமர்த்தினார். 2010-இல் சலூம் கல்பான் பர்வானி லிண்டி நகரத் தொகுதியில் மக்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டார். 2012-ஆம் ஆண்டின் மக்கட்கணக்கு இவரைத் தனியே எண்ணியது. 16,000-க்கு மேற்பட்டோர் உளர் எனக் கண்டது. பெயரும் மாறியது. 'செருசெரு' விலக்கப்பட்டு, 'வாத்து வென்யே உவல்பினோ' என்னும் தொடர் ஆட்சிக்கு வந்தது. அல்பினிசம் உடைய மக்கள் என்பது அதன் பொருள். மக்கள் என்னும் சொல் முன்னிற்றல் கருதத்தக்கது.

ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றம் 2013 சூன் 13-ஆம் நாள் இம்மக்கள்மீதான தாக்குதல்களைக் கண்டித்து முதல் தீர்மானம் இயற்றியது. அந்நாளையே ஆண்டுதோறும் இந்நிலை பற்றிய விழிப்புணர்வு நாளாகக் கொள்ள 2014 டிசம்பர் 18-ஆம் நாள் பொது அவை முடிவுசெய்தது. 2015-இல் இம்மக்களின் உரிமைகளைக் கண்காணிக்கத் தனி வல்லுநர் பதவி அமைந்தது. அதனை முதலில் ஏற்ற நைசீரிய நாட்டு இக்போன்வோசா ஈரோ அம்மையாரும் நிறமிக்குறைவு உடையவரே.

8. வாழும் நெறி

கொலைஞரினும் இம்மக்களை மிகுதியாக வருத்துவது வெயில். மெலனின், கதிரவனின் புறஊதாக் கதிரினின்று தோலைக் காப்பது. அக்காப்புக் குன்றிய தோல் விரைவிற் கன்றும். பன்முறை கன்றிய இடங்களில் புற்று தோன்றும். நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் வயலிலும் கடலிலும் உழைப்போர் பலர் இளமையிலேயே தோற்புற்றால் இறந்துள்ளனர். காலத்தே கண்டு அகற்றினால் இப்புற்றுப் பெரும்பாலும் தீரும். ஆகவே, பிறவிநிலை உயிரைக் கொள்வதன்று, காவலின்மையே கொள்வது.

காவல்முறை எளிது. முற்பகல் பத்துமணி முதல் பிற்பகல் நான்குமணி வரை நேர்வெயிலைத் தவிர்த்தல், முழுக்கைச் சட்டை, காதும் கழுத்தும் மறையும் அகன்ற விளிம்புத் தொப்பி அல்லது குடை, நிறக்கண்ணாடி, வெயிற்காப்புக் களிம்பு என்பன வேண்டும். ஆறு திங்கள் முதல் ஓராண்டிற்குள் ஒருமுறை தோல் மருத்துவரிடம் உடல் முழுதும் காட்டல் வேண்டும். ஆறாத புண்ணும் புதிதாய்த் தடித்த இடமும் தோன்றின் அதுவரை காத்திராது உடனே செல்லுதல் வேண்டும். களிம்பின் விலை ஏழையர்க்குத் தடையாதல் கண்டு, தன்சானியாவின் மோசி நகரிலுள்ள தோல் மருத்துவப் பயிற்சி நிலையத்தைச் சார்ந்து 'கிலிசன்' என்னும் களிம்பை ஆண்டே செய்து இம்மக்களுக்கு வழங்கிவருகின்றனர். வெயில் மிக்க நம் நாட்டார்க்கும் இது பின்பற்றத்தக்க முன்மாதிரி. பள்ளிகளில் சீருடை விதியின் பெயரால் தொப்பியையும் முழுக்கைச் சட்டையையும் மறுத்தலும், நண்பகலில் விளையாட்டுப் பயிற்சிக்கு வெயிலில் நிறுத்தலும் ஒழிதல் வேண்டும்.

கல்வியில் வேண்டுவனவும் சிலவே. முதல் வரிசையில், சாளரத்தின் ஒளி முகத்தில் படாத இடம், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டும் உரைத்தல், பெரிய எழுத்து அச்சு, உருப்பெருக்கி, சேய்மையில் உள்ளதைக் காண ஒற்றைக் கண் தொலைநோக்கி, தேர்வில் கூடுதல் நேரம். இவை கிடைப்பின் இவருட் பெரும்பாலோர் பொதுப் பள்ளியிலேயே பிறரோடு ஒப்பக் கற்பர்.

இந்திய நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைகளைக் கூறுகின்றது. அப்பட்டியலில் நிறமிக்குறைவு தனியே இடம்பெறவில்லை. குறைபார்வை என்னும் வகையின் வழியே இவர் உரிமை பெறுவர். திருத்திய பார்வையும் 6/18-ஐக் கடவாதவர் அவ்வகையினர். நாற்பது விழுக்காட்டுக் குறை சான்று பெற்றாலன்றி ஒதுக்கீடு முதலிய நலன்கள் கிட்டா. பெற்றோர் தம் மகவின் நிலையைத் தோலின் குறையாக மட்டும் எண்ணி, கண் மருத்துவரை நாடாதிருப்பின் இவ்வுரிமை அவர்க்குத் தெரியாமலே போகும். பெயர் பாதிப் பொருளையே உணர்த்துவதால் நேரும் இழப்பு இங்கே கண்கூடாகின்றது.

9. பெயர் முடிபு

இதுகாறும் கண்டவற்றால், இந்நிலைக்கு இடும் பெயர் நான்கு தகுதிகளை உடையதாதல் வேண்டும் எனக் கொள்ளலாம். பிறவியில் அமைந்தது என்பதனை அது காட்டல் வேண்டும். இடையில் வரும் வெண்புள்ளியினின்று அதனால் வேறுபடும். தோல் நிறத்தைக் கூறாது, தோலுக்கும் கண்ணுக்கும் பொதுவாகிய நிறமியைக் கூறல் வேண்டும். நோய், குட்டம் என்னும் சொற்களை ஏலாதிருத்தல் வேண்டும். இழிகருத்தின் நிழல் படாததாதல் வேண்டும்.

வெண்மை நோய் என்பது இவற்றுள் பலவற்றிற்கு மாறு. வெளிறு, பாண்டு என்பன பழைய நிழல்களைச் சுமப்பன. நிறமியின்மை என்பது ஓரளவு பொருந்தும். எனினும், நிறமி சிறிதளவு உள்ளாரும் பலர் ஆதலின் இன்மை என்றல் மிகையாம். நிறமிக்குறை எனின், குறை என்பது அளவையும் குற்றத்தையும் ஒருங்கு உணர்த்தி மயங்கவைக்கும். நிறமிக்குறைவு எனின் அளவு ஒன்றே தோன்றும். ஆகவே, 'பிறவி நிறமிக்குறைவு' என்னும் தொடரை நாம் ஏற்கின்றோம். மருத்துவ நூல்களில் அல்பினிசம் என்னும் ஒலிபெயர்ப்பை அதனோடு உடன் வழங்குதலில் தடையில்லை. அந்நிலையினரைச் சுட்டுங்கால் 'பிறவி நிறமிக்குறைவு உடையவர்' எனலே தக்கது. நிலையையே ஆளின் பெயராக்கி அழைத்தல் தகாது.

10. முடிவுரை

பெயரை மாற்றிய அளவில் வெயிலின் வெம்மை குறையாது. விழித்திரையின் அமைப்பும் மாறாது. ஆயினும், பிறந்த மகவைக் கையில் ஏந்திய தாய் முதலிற் கேட்பது ஒரு பெயரையே. அப்பெயர் வெண்குட்டம் என அவள் காதில் விழுமாயின் அச்சமும் தன்பழியுமே எஞ்சும்; பிறவி நிறமிக்குறைவு என விழுமாயின், கண் மருத்துவரிடம் காட்டவேண்டும், வெயிலிற் காக்கவேண்டும், பள்ளியில் முன்வரிசையில் அமர்த்தவேண்டும் என்னும் வழிகள் தோன்றும். அகராதி தொகுப்போரும், பாடநூல் எழுதுவோரும், மொழிபெயர்ப்போரும் பெரும்பாலும் தமிழ்த்துறைகளில் பயின்று வருபவரே. வெண்புள்ளி என்னும் நல்வழக்குப் பரவியது போல இதற்கும் நல்வழக்கு ஒன்றனை நிலைநாட்டுதல் அவர்தம் கையில் உள்ளது. மருத்துவத் துறையினரும் தமிழ்த் துறையினரும் ஒருங்கிருந்து ஆராய்ந்து, இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பின் அதனை ஏற்பாராக. அதுவரை வெண்குட்டம், வெளிறு என்னும் இரண்டனையேனும் இப்பொருளில் வழங்காது விடுத்தல் நம் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.